காற்று பிய்த்த ஓட்டுக்குப் பலகார அடுப்பு மேல் பழியா?

காரைக்குடிப் பக்கம் அந்த வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு காற்றில் போனதும், வீட்டில் வியாபாரம் நடப்பதைச் சொல்லவில்லை, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயரும் பராமரிப்பு இல்லை என்று எழுதிவிட்டார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததுதான் பொறுக்கவில்லை. "வாடகைக்கு இருந்தவங்க முறுக்குச் சுட்டதால க்ளெய்ம் போச்சு" என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். முறுக்குச் சுட்ட அந்த அம்மாவும் அதே குழுவில்தான் இருக்கிறார். ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா?

பாலிசி யார் பெயரில்? வீட்டுக்காரர்கள் பெயரில். பலகாரக் கடைக்கென்று கூடுதல் வாடகை வாங்கியது யார்? அதுவும் அவர்களே. அப்படியானால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியவரும் வீட்டுக்காரர்தான். குடியிருப்பவருக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு வந்திருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி குடியிருப்புக்கானது. ஒரு கட்டில் வியாபாரம் நடக்கிறது என்றால் அதை எழுத்தில் கொடுத்து எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் அந்த மாற்றத்தைக் கம்பெனி பதிந்து தரும் இணைப்பு, வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதிக்குச் சிறு வியாபாரங்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி எடுக்க வேண்டும். ஏஜென்டிடம் போனில் சொன்னேன் என்பது நாளைக்கு எங்கேயும் நிற்காது. சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர், அதுவும் எழுத்தில்.

"சர்வேயர் பராமரிப்பு இல்லைன்னு எழுதியிருக்காரே, குடியிருந்தவங்கதானே பார்த்திருக்கணும்?" என்கிறார் ஒரு அண்ணன். இல்லை அண்ணே. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு மாதிரியானவைதான் குடியிருப்பவருக்கு. ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்றுவது யார் வேலை என்று இப்போது சொல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து க்ளெய்ம்கள் அதிகம் அடிபடுகின்றன. புயல் சேதத்துக்குப் பணம் உண்டு, நாள்பட்ட கசிவுக்குக் கிடையாது. சர்வேயர் ஏணி போட்டு ஏறியதும், ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர் முறிந்த இடத்தைப் பார்ப்பார். முறிவு வெளுப்பாக, கூர்மையாக இருந்தால் அன்றைக்கு ஒடிந்தது. கறுத்துப்போய், விரலால் நிமிண்டினால் நார்நாராக உதிர்ந்தால் பழைய உளுப்பு. சுவரில் அடுக்கடுக்காகப் பழுப்புக் கறை இருந்தாலும் அதே முடிவுதான். அதனால் மழைக்கு முன்பே ஓட்டின் அடிப்பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து, கொத்தனார் கூலி ரசீதையும் வைத்திருங்கள். சேதமான பிறகு, அன்றைய மழையளவைத் தாலுகா ஆபீசில் எழுதி வாங்குங்கள். ஒடிந்த கட்டையைச் சர்வேயர் பார்க்கும்வரை விறகுக்குப் போட்டுவிடாதீர்கள்.

தொகை எழுதுவதிலும் இதே கதை. பில்டிங் காப்பீட்டுத் தொகை என்பது கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் இருக்கும் தரைப் பரப்பை, கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. அந்தச் செலவு நாம் சொல்லி, கம்பெனி ஒப்புக்கொள்வது. பர்மா தேக்கும், ஆத்தங்குடிக் கல்லும், முட்டைப் பூச்சும் உள்ள வீட்டுக்குப் புது கான்கிரீட் வீட்டு ரேட்டைப் போட்டுக் கையெழுத்து வைத்தால், தூண் ஒன்று போனாலும் கட்டாது. இன்ஜினீயர் மதிப்பீடு ஒன்றை பாலிசி விண்ணப்பத்தோடு இணையுங்கள். வீட்டுப் பாலிசியில் குறைத்து எழுதியதற்குத் தனியாக வெட்டு இல்லை. வியாபாரப் பாலிசியில் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உண்டு. ஒரு கோடி மதிப்பை 50 லட்சம் என்று எழுதியிருந்தால், 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் வரும்.

"வீட்டில் பங்குள்ள இத்தனை புள்ளியும் (குடும்பமும்) ஆளுக்கொரு ஊரில் இருக்கு, கையெழுத்துக்கு எங்கே போறது?" நியாயமான கஷ்டம்தான். ஒருத்தர் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதுங்கள், எல்லோருக்குமாக அவர் கையெழுத்துப் போடட்டும். வாடகையைப் பங்கு பிரிக்கும்போது மட்டும் எல்லோரும் கிடைத்துவிடுகிறீர்களே.

"நீ கம்பெனிக்கு வக்காலத்தா?" இல்லை. காற்று பிய்த்த ஓட்டுக்கும் அடுப்புக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனியிடம்தான் வாதாட வேண்டும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டிய ஒரு வழக்கில், க்ளெய்மை முழுசாக மறுக்கக் கூடாது, குறைத்தாவது கொடுக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டி முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுத்தார்கள் என்றால் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரை அங்கே கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இத்தனை வழி இருக்க, அதில் ஒன்றைக்கூடத் தொடாமல் முறுக்குச் சுட்டவரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அவருடைய அரிசி மூட்டைகளும் நனைந்துதான் போயின. வீட்டுக்காரர் பாலிசியில் அவர் சாமானுக்கு ஒரு பைசா கிடையாது. பழைய தீ பாலிசிகளில், 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தால் காப்பீடே நின்றுவிடும் என்று ஒரு ஷரத்து உண்டு. பூட்டிய வீடுகள் நிறைந்த நம் ஊரில் விளக்கேற்றி, கூட்டிப் பெருக்கி ஒரு வீட்டை வைத்திருந்த குடும்பம் அது. இப்போது காலி செய்துவிட்டார்கள். அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். "க்ளெய்ம் வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். க்ளெய்முக்கும் அவர் அட்வான்ஸுக்கும் என்ன சம்பந்தம்? கொடுத்துவிடுங்கள். குழுவில் எழுதியதையும் அழித்துவிடுங்கள்.