பேரரசரின் கடன் பத்திரம்

(1880 ஜனவரி 10, சான் பிரான்சிஸ்கோ. தம்மை அமெரிக்காவின் பேரரசர் முதலாம் நார்ட்டன் என்று தாமே அறிவித்துக்கொண்டு 20 ஆண்டுகள் நகரின் நடுவே உலவிய ஜோஷுவா நார்ட்டனை அடக்கம் செய்த அன்று மாலை, அச்சகக்காரர் ஒருவர் பழகிய உணவகத்துக்குள் நுழைகிறார்.)

அச்சகக்காரர்: ஒரு நாளைக்கு 50 சென்ட் வாடகையில் சிற்றறை ஒன்றில் வாழ்ந்தவருக்குப் பத்தாயிரம் பேர் திரண்டு வந்திருந்தார்கள் ஐயா. செல்வந்தர் சங்கத்தார் நேர்த்தியான மரப்பெட்டி வேறு வாங்கித் தந்திருக்கிறார்கள்.

உணவகக்காரர்: இறந்த பிறகு பெட்டி கொடுப்பது ஒரு நாள் செலவு, உயிரோடிருக்கும்போது சூப் கொடுப்பது அன்றாடச் செலவு. அதை எந்தப் பத்திரிகை எழுதுகிறது?

அச்சகக்காரர்: வாசலில் ‘பேரரசர் உணவருந்தும் இடம்’ என்று பலகை மாட்டி, நீலச் சீருடையையும் தோளில் தொங்கிய பொன் குஞ்சத்தையும் காண வந்த வெளியூர்க்காரர்களிடம் அந்த சூப்புக்கு இரு மடங்கு வாங்கினீர்களே, அதையும்தான் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

உணவகக்காரர்: அவருக்காக நான் விட்டுக்கொடுத்தவை உங்களுக்குத் தெரியாது. பெரு நாட்டிலிருந்து வந்த அரிசிச் சரக்கைப் பவுண்டு பன்னிரண்டரை சென்ட்டுக்கு மொத்தமாக வாங்கி, அடுத்தடுத்து வந்த கப்பல்களால் விலை சரிந்து சொத்தையெல்லாம் இழந்த மனிதர் என்பதால், அவர் வரும் வேளையில் என் அடுப்பில் அரிசி ஏறியதே இல்லை.

அச்சகக்காரர்: 1859இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசையே கலைத்தாரே! செய்தி இன்னும் வாஷிங்டனுக்குப் போய்ச் சேரவில்லை போலும். அவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

உணவகக்காரர்: 1867இல் சித்தம் கலங்கியவர் என்று ஒரு காவலர் அவரைப் பிடித்துச் சென்றபோது, ஊரே கொதித்தெழ, தலைமை அதிகாரி உடனே விடுவித்தார். அன்று முதல் காவலர்கள் அவருக்கு சல்யூட் வைத்தார்கள். ஒழுங்காக வரி கட்டும் என்னைக் கண்டால் இன்றைக்கும் ஒருவரும் கையை உயர்த்துவதில்லை.

அச்சகக்காரர்: எதிர்க்கரையிலுள்ள ஓக்லண்டு நகருக்குக் கடல்மேல் பாலம் கட்ட வேண்டும் என்று 1872இல் அவர் ஆணையிட்டதைப் படித்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

(அந்தப் பாலம் 1936இல் திறக்கப்பட்டது. அச்சகக்காரர் சிரித்ததை அதுவரை யாரும் குறையாகச் சொல்லவில்லை.)

உணவகக்காரர்: போகட்டும், சாப்பிட்டதற்குப் பணம் எடுங்கள்.

அச்சகக்காரர்: இதோ, பேரரசரே கையெழுத்திட்ட 50 சென்ட் பத்திரம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியுடன் 1880இல் திருப்பித் தரப்படும் என்று அச்சிட்டிருக்கிறது. 1877இல் வாங்கியது, மூன்றாண்டு வட்டி பத்தரை சென்ட் சேர்த்து அறுபதரை சென்ட் ஆகிறது. சாப்பாட்டுக்குப் போக மீதியைக் கொடுங்கள்.

உணவகக்காரர்: தவணை முடியும் ஆண்டு பிறந்து எட்டாம் நாளே, மழையில் தெருமுனையில் விழுந்து, கடன் வாங்கிய அரசாங்கமே போய்விட்டதே ஐயா!

அச்சகக்காரர்: போன வாரம் வரை இதை வாங்கிக் கல்லாவில் போட்டீர்களே?

உணவகக்காரர்: போன வாரம் அரசாங்கம் உயிரோடிருந்தது. (பத்திரத்தை விளக்கருகே பிடித்துப் பார்க்கிறார்.) சரி, பழகிய தோஷம்; அறுபதரை சென்ட்டுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

அச்சகக்காரர்: (சட்டென்று பிடுங்கிச் சட்டைப்பைக்குள் வைத்து) இவ்வளவு விரைவில் சம்மதித்தால் எனக்கு ஐயம் வராதா? வேண்டாம், நான் தருவதாக இல்லை.

உணவகக்காரர்: ஒரு டாலர்.

அச்சகக்காரர்: இனி அவர் கையெழுத்திடப் போவதில்லை, ஐயா.

உணவகக்காரர்: இரண்டு டாலர்! அதுவும் வேண்டாமென்றால் சூப்புக்கு யார் பணம் கொடுப்பது?

அச்சகக்காரர்: வழக்கம்போலப் பேரரசர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.