வந்தான் வரத்தான்

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில இருக்கிற எங்கட ஃப்ளாட் லிஃப்டுக்குள்ள ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கினம். டெலிவரிக்கு வாற ஆக்களும் வீட்டு வேலைக்கு வாற ஆக்களும் இனிமேல் படியாலதான் போகவேணுமாம். வடிவா டைப் பண்ணி, லமினேட் பண்ணி, நாலு மூலையிலயும் டேப் அடிச்சு.

அண்டைக்குப் பின்னேரம் நான் மார்க்கெட்டால வந்து கீழ நிக்கேக்க, கடைப் பொடியன் காஸ் சிலிண்டரைத் தோளில வச்சுக்கொண்டு படியில ஏறுறான். ஐஞ்சாம் மாடிக்கு. 12.5 கிலோ எண்டு நாங்கள் சொல்லுறது உள்ளுக்க இருக்கிற காஸ் மட்டும்தான், இரும்போட சேத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும். தம்பி லிஃப்டில வா, ஆரும் கேட்டா நான் சொல்லுறன் எண்டன். "பரவால்லக்கா, பழகிருச்சு. அப்புறம் மொதலாளிக்கு போன் பண்ணிருவாங்க" எண்டான். மலையகத்தில ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, இருபது வயசுகூட இராது. எனக்கும் லிஃப்டில ஏற மனம் வரேல்ல, அவனுக்குப் பின்னால படியால போனன். என்ர வீடு இருக்கிற மூண்டாம் மாடித் திருப்பத்தில சிலிண்டரை இறக்கி வச்சிட்டு சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், சேர்ட் முதுகோட அப்படியே ஒட்டியிருந்தது. தண்ணி குடுத்தன். கதவுக்கு வெளியில நிண்டே குடிச்சான்.

இரவு ஃப்ளாட் வட்ஸ்அப் குரூப்பில இதைக் கேட்டன். வந்த பதில்: "இப்ப வெள்ளவத்தையில வந்தான் வரத்தான் எல்லாம் கூடிப்போச்சு, எங்கட சேஃப்டிக்குத்தான்."

வந்தான் வரத்தான் எண்டா வேற இடத்தால வந்து சேந்த ஆக்களை இளக்காரமாச் சொல்லுறது. இதைப் பாத்ததில இருந்து எனக்கு நித்திரை இல்லை, ஏனெண்டா அந்தச் சொல் எனக்குப் புதுசில்லை. இதே லேனில எங்களைப் பாத்துச் சொன்ன சொல் அது.

95 ஒக்டோபர் 30 இரவு சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளிநொச்சியில கொஞ்சக் காலம் இருந்து, வவுனியாவில கொழும்புக்கு வாற அனுமதிப் பாசுக்குக் கிடந்து, 97இல அம்மாவும் நானும் தம்பியும் ரெண்டு பாக்கோட கொழும்புக்கு வந்தனாங்கள். அறை தேடித் திரிஞ்சம். தமிழ் வீடுகள்தான், ஆனா புதுசா வந்த ஆக்களை வச்சா பொலிஸ் வரும் எண்டு கனபேர் கதவைச் சாத்திச்சினம். அவையளிலயும் பிழை சொல்லமாட்டன், 83 கலவரத்தில எல்லாத்தையும் எரியக் குடுத்த ஆக்கள், 96இல மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் செக்கிங். கடைசியா ஒரு வீட்டுக்குப் பின்பக்க அறை கிடைச்சுது, ஆனா புதுசா வந்த தமிழ் ஆக்கள் பொலிசில பதியவேணும், அந்தப் பதிவுக்கு எங்களோட வர வீட்டுக்காரருக்குப் பயம். அப்ப பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரிதான் சீலையை மாத்திக்கொண்டு அம்மாவோட பொலிசுக்கு வந்தவ. பிறகு ஒரு நாள் சாமத்தில சுற்றிவளைப்பு. எங்களை வரிசையா ரோட்டில நிப்பாட்டி ஐடென்டி கார்ட் பாக்கேக்க, ஹவுஸ்கோட்டோட கேற்றடிக்கு வந்து நிண்டு "மே அபே மினிஸ்சு" எண்டு சொன்னவ. இது எங்கட ஆக்கள் எண்டு. அந்த நேரம் எனக்குத் தெரிஞ்ச சிங்களம் கொஞ்சம்தான், ஆனா அந்த மூண்டு சொல்லும் விளங்கினது.

2007 ஜூன் மாதம் கொழும்பு லொட்ஜுகளில இருந்த தமிழ் ஆக்கள் 370 பேருக்கு மேல இரவோட இரவா பொலிஸ் பஸ்ஸில ஏத்தி வடக்கு கிழக்குக்கு அனுப்பினவங்களே, அதுவும் 'ஏன் இங்க நிக்கிறியள், உங்கட ஊருக்குப் போங்கோ' எண்டுதானே? உயர் நீதிமன்றம் நிப்பாட்டினபடியால நிண்டுது. அந்த நாளை மறக்காத நாங்களே இப்ப லிஃப்டில நோட்டீஸ் ஒட்டுறம் எண்டா என்ன சொல்ல.

அந்த அன்ரி இப்பவும் அதே வீட்டிலதான் இருக்கிறா, எண்பது தாண்டிட்டுது. எங்கட ஃப்ளாட் அவவின்ர மதிலை ஒட்டித்தான் எழும்பினது. அத்திவாரத்துக்குப் பைலிங் அடிக்கேக்க அவவின்ர குசினிச் சுவர் வெடிச்சது, இப்பவும் அந்த வெடிப்பு இருக்கு. பின்வளவில உடுப்புக் காயப்போட வெயில் இல்லை. எங்கட ஆக்கள் தரம் பிரிக்காத குப்பைப் பாக்கை அவவின்ர மதிலடியில கொண்டுபோய் வைக்கினம். 2017இல மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிஞ்சு அவ்வளவு சனம் செத்த பிறகு பிரிக்காத குப்பையை லொறிக்காரர் எடுக்கிறேல்ல, அது மூண்டு நாள் கிடந்து நாறும். போன மாதம் எங்கட ஃப்ளாட்டில சாமத்தியவீடு, வந்த வான் ஒண்டு அவவின்ர கேற்றை மறிச்சு நிண்டதால கிளினிக்குக்குப் போக ஒரு மணித்தியாலம் காத்திருந்தவ. மகன் வந்து சத்தம் போட்டார். உடனே குரூப்பில, சிங்களவர்தானே, எங்களைக் கண்டா பிடிக்காது எண்டு ஒரு கதை. நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டன். கேற்றை மறிச்சா ஆரெண்டாலும் சத்தம் போடுவினம். முதல் இருந்தவையின்ர ஒவ்வொரு முறைப்பாட்டையும் இனவாதம் எண்டு தள்ளிவிட்டா, உண்மையான இனவாதம் வரேக்க எங்கட பக்கம் கதைக்க ஒரு மனிசரும் இராயினம்.

வெள்ளவத்தையில ஆர் வராதவை? பழைய நூல் மில்லுக்கு வேலைக்கு வந்தவை, அந்த மில் காணியில இப்ப நிக்கிற டவருகளுக்கு வந்தவை, கம்பஸ் படிக்க மட்டக்களப்பால வாற பிள்ளையள், விசா அலுவலா வந்து இங்கயே தங்கினவை. ஆனா மலையகப் பிள்ளை வந்தா மட்டும் எங்கட ஆக்களின்ர வாயில வேற ஒரு சொல்லும் வரும், அதை இங்க எழுதவும் எனக்கு விருப்பமில்லை. 48இல ஒரு சட்டத்தால அவையின்ர தாத்தா பாட்டியளை நாடில்லாத ஆக்களாக்கினாங்கள், முழுசாத் தீர 2003 வரைக்கும் போச்சு. அந்தப் பிள்ளை வாடகைக்கு அறை கேட்டா 'எந்தத் தோட்டம்', யாழ்ப்பாணத்துப் பிள்ளை கேட்டா 'ஊரில எந்தப் பக்கம்', எதுக்குக் கேக்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். கடைப் பொடியங்கள் ஆறு பேர் கடைக்குப் பின்னால ஒரே அறையில படுக்கிறாங்கள், ஏனெண்டா ஒருத்தரும் குடுக்கினமில்லை.

லிஃப்ட் பொதுச்சொத்து, கொமிட்டியில இருக்கிற மூண்டு பேரின்ர சொந்தச் சாமான் இல்லை. ஞாயிறு பின்னேரம் மீட்டிங். நான் ரெண்டு விசயம் எழுதி வச்சிருக்கிறன்: அந்த நோட்டீசைக் கழட்டவேணும், குப்பைத் தொட்டியை எங்கட கேற்றுக்கு உள்பக்கம் மாத்தவேணும். ஃப்ளாட்டில 24 வீடு, இதுவரைக்கும் என்னோட சேத்து நாலு வீடு கையெழுத்து வச்சிருக்கு. கடிதம் என்ர வீட்டிலதான் இருக்கு, மூண்டாம் மாடி, படிக்குப் பக்கத்துக் கதவு. இரவு ஒன்பது மணி வரைக்கும் வரலாம்.