அச்செபேயைச் சீண்டியது கான்ராட் அல்ல

ஆங்கில எழுத்தாளர் ஜோசப் கான்ராடின் ‘இருளின் இதயம்’ (Heart of Darkness) நாவலைப் படித்துக் கொதித்துப்போய்த்தான் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே ‘சிதைவுகள்’ (Things Fall Apart) நாவலை எழுதினார் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சின்னத் திருத்தம். அச்செபே பேட்டிகளில் சொன்னது ஜாய்ஸ் கேரியின் ‘மிஸ்டர் ஜான்சன்’ (1939) நாவலை. கேரி நைஜீரியாவில் பிரிட்டிஷ் காலனி அரசின் அதிகாரியாக இருந்தவர். அச்செபே படித்த இபாதான் கல்லூரியில் பாடமாக வந்த அந்த நாவல் நைஜீரிய மாணவர்களுக்கே ஒட்டவில்லை. ‘சிதைவுகள்’ வந்தது 1958இல். கான்ராடை இனவாதி என்று அச்செபே சாடிய உரை 1975இல்தான், மாசசூசெட்ஸில். அப்புறம், ‘சிதைவுகள்’ கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நாயகன் ஒக்கொங்வோ தூக்கில் தொங்குகிறான். வெள்ளைக்கார மாவட்ட ஆணையரோ, தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஒரு அத்தியாயம் எதற்கு, ஒரு பத்தி போதும் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் குத்து கேரி மாதிரி அதிகாரி எழுத்தாளர்களுக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.