இருக்கும்போதே பெயர் வரட்டும்

நம் பங்கின், அதாவது நம் கத்தோலிக்க ஆலயச் சமூகத்தின், வாராந்திர அறிவிப்புத் தாளை ஒருமுறை நிதானமாக எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்குரிய வாசகங்கள், தமிழ், ஆங்கில, மலாய்த் திருப்பலி நேரங்கள். பின்பக்கத்தில் சென்ற வாரக் காணிக்கை, இரண்டாம் காணிக்கை எதற்காக என்ற குறிப்பு, திருவிழாக் குழுக் கூட்டம், புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் பெருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில் இடம் பதிவு செய்யக் கடைசி நாள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நம் மக்களின் பெயர் எங்கே வருகிறது என்று தேடுங்கள். திருப்பலிக் கருத்துகளில் மட்டும் வருகிறது: இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. நம்மில் ஒருவர் பெயர் இந்தத் தாளில் ஏற வேண்டுமென்றால், அவர் முதலில் சாக வேண்டியிருக்கிறது.

இது எனக்குப் பொறுக்கவில்லை. பங்குச் செய்தி என்றால் பங்கில் இருக்கிற மனிதர்களின் செய்தி. யார் படுக்கையில் விழுந்திருக்கிறார், யாருக்கு வேலை போய்விட்டது, எந்த வீட்டுப் பிள்ளை கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் நிற்கிறது, யாருக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்கும் நாம் அறியாமல் இருக்கிறோம். அறியாமல் இருப்பதால் உதவாமலும் இருக்கிறோம். மனம் இல்லாமல் அல்ல, தகவல் இல்லாமல்.

மலேசிய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். எங்கள் தோட்டத்தில் சிற்றாலயம் என்றால் தகரக் கூரையும் பலகைச் சுவரும்தான். ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார். அவரும் மற்றவர்களைப் போல விடிவதற்கு முன்னால் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால்மரம் வெட்டி, பால் தூக்கிவிட்டு வந்தவர்தான். சம்பளம் எதுவும் அவருக்குக் கிடையாது.

ஃபாதர் வரும் சனிக்கிழமை மாலை நடப்பதைச் சொல்கிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் அவர் ஆலயத்துக்குள் போக மாட்டார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குவளை கறுப்புக் காப்பி குடிப்பார். பக்கத்தில் நின்றுகொண்டே உபதேசியார் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். மேட்டு லயத்துக் (தொழிலாளர் வீட்டு வரிசை) கிழவர் எழுந்திருக்கவில்லை, அவஸ்தை (நோயில் பூசுதல்) பூச வேண்டும். நடு லயத்தில் அண்ணன் தம்பி இருவரும் பேசி ஆறு மாதமாகிறது, சாமி ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். கடைசி வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, ஞானப்பெற்றோர் கிடைக்கவில்லை. தோட்டக் கணக்கரான கிராணியோடு சண்டை போட்டதால் ஒருவனுக்கு நல்ல நிரை (வெட்ட வேண்டிய மர வரிசை) கொடுக்காமல் மலை நிரையாகவே கொடுக்கிறார்கள். காப்பி முடிந்ததும் ஃபாதர் எழுந்து லயத்துக்கு நடப்பார். அந்த வீடுகளுக்கெல்லாம் போய் வந்த பிறகுதான் பாவசங்கீர்த்தனம், மறுநாள் காலையில் பூசை. பிரசங்கம் சுருக்கமாகத்தான் இருக்கும். முக்கால்வாசிப் பிரசங்கத்தை அவர் முந்திய இரவே லயத்தில் நடந்து முடித்திருப்பார்.

யாராவது இறந்துவிட்டால் சாவு மணி அடிக்கும். அடிக்கும் விதத்தை வைத்தே இது சாவு மணி என்று மாரியம்மன் கோயில் பக்கத்து வீடுகளுக்கும் தெரிந்துவிடும். கொட்டகை போடவும் தென்னோலை வெட்டவும் அவர்கள் நம் ஆட்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அடுத்த தோட்டத்துக்குத் தகவல் சொல்ல ஓர் ஆள் சைக்கிளில் கிளம்பியிருப்பான். அச்சடித்த தாள் ஒன்றும் அந்த நாளில் இல்லை.

வறுமையும் கடனும் கள்ளுக்கடையும் இருந்த இடம் அது. அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவில்லை, யாரும் திரும்பிப் போகவும் கூடாது. ஆனால் ஒருவர் நிலை இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டங்கள் கைமாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. பட்டணத்து ஆலயத்தில் கூட்டம் பெருகியது. சிற்றாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அவற்றின் சுரூபங்களைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். உபதேசியார் செய்துவந்த வேலையை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1976-இல் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாத காலம் ஒன்றுகூடித் திருச்சபையின் போக்கை ஆராய்ந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களைக் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அந்தக் கூடுகையின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. இன்று நாம் அன்பியம் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. செபம் செய்வதோடு அண்டை வீட்டாரின் பசியையும் நோயையும் அறிந்துகொள்வதற்காகத்தான் அதை நினைத்தார்கள். நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? கூடுகிறோம், செபமாலை, ஒரு வாசகம், இரண்டு பாட்டு, பிறகு மீஹூனும் தேநீரும். வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்பதற்குள் கிளம்பிவிடுகிறோம்.

தகவல் போய்ச் சேராமல் இருப்பதால் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு எங்கள் அன்பியத்துப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்கு முன்னால் இந்த மாநிலத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆயுள் முழுக்கச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை. பிறந்த நாட்டிலேயே வாக்குரிமை இல்லை, குடிமக்களுக்கென்று அரசாங்கம் தரும் உதவித்தொகை இல்லை. 2018-இல் ஆட்சி மாறிய பிறகு, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி அது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் இருந்த பேரன் இரவு வேலைக்குப் போகிறவன். அவர் மழையானாலும் வெயிலானாலும் ஞாயிறு பூசைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பீடத்திலிருந்து ஒருவராவது, "சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் பூசை முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த மாதம் அறிவிப்பு நேரம் முழுவதும் திருவிழா அலங்காரத்துக்கே போயிற்று. விஷயம் அவர் காதுக்கு எட்டியபோது வெகு காலம் கடந்திருந்தது. அதுவும் பஸ் நிலையத்தில் யாரோ முன்பின் தெரியாதவர் சொல்லித்தான் எட்டியது.

அதற்குப் பிறகுதான் அவருடைய ஞானஸ்நானப் பதிவைத் தேடினோம். பங்குத்தந்தையின் கடிதத்தோடு பழைய தாய்ப் பங்குக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் கனமான ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, மை காய்ந்து காவி நிறமாகியிருந்தது. பிரெஞ்சுக் குரு ஒருவரின் சாய்ந்த கையெழுத்தில், லத்தீனில், ஒரு வரி. பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர். பாட்டி அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, தன் அம்மாவின் பெயரைப் படித்துக் காட்டச் சொன்னார். அதே பக்கத்தில் சவரிமுத்துகளும் அந்தோணியம்மாள்களும் சூசைகளும் வரிசையாக இருந்தார்கள். அவர்கள் பிறந்த தோட்டங்களில் பலவற்றின் பெயர் இன்று வரைபடத்திலேயே இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் குடியுரிமைப் பத்திரம் ஆகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இந்த மண்ணில், இந்த நாளில், இந்தப் பெற்றோருக்கு இவர் பிறந்தார் என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி அவரிடம் வேறு இல்லை. விண்ணப்பம் இப்போது தேசியப் பதிவு இலாகாவில் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகு எனக்கு ஆதங்கம் அதிகமாகிவிட்டது. ஒருவர் எங்கே போய்த் திருமணம் செய்துகொண்டாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி, அந்தப் பழைய வரியின் ஓரத்தில் அதை எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஒரு கூலிக்காரரின் மகளுடைய வாழ்க்கைச் செய்தியை இவ்வளவு அக்கறையாகப் பின்தொடர்ந்த திருச்சபை இது. பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று ஒரு குடியிருப்பையே அமைத்துத் தந்த ரெனே ஃபே என்ற பிரெஞ்சுக் குரு, 1896-இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். ஆலயத்தோடு குடியிருக்க இடமும் வேண்டும் என்று நினைத்த குருக்களின் வழியில் வந்த நமக்கு, வாரம் ஒரு தாளில் நாலு வரி எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் நம் தமிழ் மக்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. நம் தாத்தாக்கள் வேலை செய்த அதே தோட்டங்களில் இப்போது செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். மலாய்த் திருப்பலிக்கு லாரியில் வந்து கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்து, அருமையாகப் பாடிவிட்டு, லாரியிலேயே போய்விடுகிறார்கள். சபா, சரவாக்கிலிருந்து வந்த ஆசிரியர்களும் இராணுவத்தினரும் அங்கே வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? சென்ற ஆண்டு ஒரு புளோரஸ் இளைஞர் குலை விழுந்து தோள் முறிந்து கிடந்தது, அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529-ஆம் சட்டம், பங்குத்தந்தை தம் மக்களை அறிந்திருக்க வேண்டும், வீடுகளைச் சந்தித்து அவர்களுடைய கவலைகளிலும் துயரங்களிலும் பங்குகொள்ள வேண்டும் என்கிறது. ஏழைகளையும் துன்பப்படுவோரையும் தனித்திருப்போரையும் தாய்நாட்டைப் பிரிந்து வாழ்வோரையும் சிறப்பாகத் தேடிப் போகச் சொல்கிறது. ஃபாதர் தேடிப் போவதற்கு எங்கே போக வேண்டும் என்று நாம்தானே சொல்ல வேண்டும்?

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். "வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா, மானம் போகாதா?" என்று பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லும் அச்சாகக் கூடாது. நோயின் பெயரோ கடனின் தொகையோ வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் இந்தச் செய்திகள் இப்போதும் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன, காப்பிக் கடையிலும் மீன் சந்தையிலும், கண்ணும் மூக்கும் வைத்து. சம்மதத்தோடு, சரியான வார்த்தையில், உதவி கேட்டு வெளிவரும் நாலு வரியால் யாருடைய மானமும் போகாது. புறணிதான் மானத்தை வாங்குகிறது.

ஃபாதருக்கு நேரம் இல்லை என்பது உண்மை. மூன்று மொழியில் பூசை வைக்கிறார், இரண்டு சிற்றாலயங்களைப் பார்க்கிறார், மரண வீட்டுக்கு ஓடுகிறார். அவரை எழுதச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். 2020-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயம் மூடியபோது அந்தக் குழு பெரிய துணையாக இருந்தது, மறுக்கவில்லை. இன்று அதில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒரு முக்கியமான செய்தி வந்தால் அரை நாளில் மேலே போய் மறைந்துவிடுகிறது. பாட்டி போன்றவர்கள் அதில் இல்லவும் இல்லை. பீடத்திலிருந்து வாசிக்கப்படுவது எல்லார் காதிலும் விழும்.

ஆகவே பங்குப் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. தாளின் பின்பக்கத்தில் பாதியை மக்களுக்கு விடுங்கள். ஒவ்வொரு அன்பியத் தலைவரும், மலாய்த் திருப்பலிக் குழுவிலிருந்து ஒருவரும், வியாழக்கிழமைக்குள் தங்கள் பக்கத்துச் செய்தியைக் கொடுக்கட்டும். பிறந்த பிள்ளை, தேர்வில் தேறிய பிள்ளை, ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி, ஆஸ்பத்திரியில் இருப்பவர், வேலை தேடுபவர். சந்தோஷச் செய்தியும் வரட்டும், அதுவும் இப்போது வருவதில்லை. சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), அடையாள அட்டை சம்பந்தமாக அரசாங்கம் ஏதாவது அறிவித்தால் அது முதல் வரியாக வரட்டும். மொழிபெயர்த்து அடுக்கிக் கொடுக்க எங்கள் இளையோர் இருவர் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இதை வரவேற்கிறார்கள். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தாங்களும் தவிப்பதாகச் சொன்னார்கள்.

பேரவை முடிவெடுக்கும்வரை காத்திருக்க முடியாத ஒரு செய்தி எங்கள் அன்பியத்தில் இருக்கிறது. அதை வரும் ஞாயிறு வாசிக்கப் பங்குத்தந்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓர் அக்காவுக்கு வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, இரத்தச் சுத்திகரிப்பு. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், கணவருக்குக் கண் தெரியாது. மையம் பக்கத்துப் பட்டணத்தில், காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். தன் பெயரைச் சொல்லலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார், ஞாயிறன்று கேட்டுக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் கார் ஓட்ட ஆள் கிடைத்துவிட்டது. சனிக்கிழமைக்கு முடிந்தவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.