கால்களுக்கு ஒரு நிறம், மூளைக்கு ஒரு நிறம்

அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில், எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைடு ரிசீவர்களாக ஆடுவோரில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு இயற்கையிலேயே வேகம் அதிகம் என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவரும் நான் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

1934 முதல் 1945 வரை இந்தத் தொடரில் ஒரு கறுப்பின வீரருக்குக்கூட இடம் தரப்படவில்லை. அன்று பந்து பிடிப்பதில் நிகரற்றவராக இருந்த டான் ஹட்சன் வெள்ளையர்; 1942இல் மட்டும் பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்க்கும் 'டச் டவுன்' 17 அடித்தார். 1989இல் ஸ்டீவ் லார்ஜென்ட் ஓய்வுபெற்றபோதும், பிடித்த பந்துகள், பந்து பிடித்துக் கடந்த தூரம் (யார்டுகளில்), பிடித்து அடித்த டச் டவுன்கள் ஆகிய மூன்றிலும் வாழ்நாள் சாதனை அந்த வெள்ளை வீரரின் பெயரிலேயே இருந்தது. சில பத்தாண்டுகளில் மனித உடல் மாறிவிடாது. எந்த நிறத்தவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரிகளின் கணக்குதான் மாறியது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின வீரரின் வாழ்க்கை போதும். ஆட்டத்தைத் திட்டமிட்டு நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காகக் கல்லூரியில் விளங்கிய அவரை, 1968இல் டென்வர் பிராங்கோஸ் அணி தடுப்பாட்டக்காரராகவே தேர்ந்தெடுத்தது. அவர் பிடிவாதமாகக் கேட்டுப் பெற்ற வாய்ப்பில், மற்ற குவார்ட்டர்பேக்குகள் சரிவராத நிலையில், அந்த ஆண்டே களமிறங்கி 14 டச் டவுன்களுக்குப் பந்து எறிந்தார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு அவரைப் பரிசீலிக்கவே இல்லை. பஃபலோ அணிக்குச் சென்று வைடு ரிசீவராக மாறினார். 1970இல் ஆயிரம் யார்டுகளுக்கு மேல் கடந்தார். பிறகு மயாமி அணியுடன் சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியை இரண்டு முறை வென்றார். பழக்கமே இல்லாத ஓர் இடத்தில் இவ்வளவு சாதித்த அந்த மனிதருக்குக் குவார்ட்டர்பேக் இடம் மட்டும் மீண்டும் கிடைக்கவில்லை.

இது ஒரு பெயர்ப்பலகையை மாற்றுவது போன்ற சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். ரிசீவரின் பிழைப்பு கால்வேகத்தை நம்பியது. முப்பது வயதைத் தாண்டினாலே பெரும்பாலோருக்கு இறங்குமுகம். குவார்ட்டர்பேக்கோ நாற்பதை நெருங்கும்வரை சம்பாதிக்கலாம். பயிற்சியாளராகும் பாதையும் அவருக்கு எளிது. பிரிஸ்கோவின் ஆட்டம் 31 வயதில் முடிந்தது. கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான வாரன் மூனையும் 1978இல் இதே கண்ணோட்டத்தோடு பார்த்தார்கள். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. இடத்தை மாற்றிக்கொள்ள மறுத்துக் கனடாவுக்குப் போனார், அங்கே தொடர்ந்து ஐந்து கோப்பைகள் வென்று திரும்பினார், 44 வயதுவரை குவார்ட்டர்பேக்காகவே ஆடினார். இன்னொரு கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான லமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்ன குரல்கள் ஒலித்தது 2018இல். மறு ஆண்டே அவர் ஒருமனதாக லீக்கின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானார்.

இதே கண்ணோட்டத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வெள்ளை ரிசீவர் என்றால் உழைப்பாளி, புத்திசாலி, ஆனால் வேகம் போதாது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவார்கள். பள்ளிப் பருவத்தில் கான்சாஸ் மாநில ஓட்டப்பந்தயங்களில் வென்ற ஜோர்டி நெல்சனுக்கே அந்த முத்திரை விழுந்தது. ஐந்து பருவங்களில் நூறுக்கு மேல் பந்து பிடித்த வெஸ் வெல்கரை டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. அவருடைய குள்ளமான உடலும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூப்பர் கப் என்ற வெள்ளை ரிசீவர் 2017 டிராஃப்டில் மூன்றாம் சுற்றுவரை காத்திருந்தார். 2021 பருவத்தில் 145 பந்துகளும் 1,947 யார்டுகளும் 16 டச் டவுன்களும் அவருடையவை. முதல் சுற்றில் வருபவருக்கு உறுதிசெய்யப்பட்ட பணமும் பொறுமையான அணியும் கிடைக்கும். டிராஃப்டில் தேர்வாகாத வீரரை அணி மறுநாளே வீட்டுக்கு அனுப்பலாம். எனவே இந்த இழப்பும் உண்மையானதே. எனினும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்: வெள்ளை வீரரின் கால்களைத்தான் சந்தேகித்தார்கள், கறுப்பின வீரரின் அறிவையே சந்தேகித்தார்கள்.

உண்மையில் ரிசீவரின் வேலையில் பாதி மூளை வேலை. எதிரணியின் பின்வரிசை எப்படி நிற்கிறது என்பதை ஓடும்போதே படித்து, தன் பாதையை மாற்ற வேண்டும். அதே நொடியில் குவார்ட்டர்பேக்கும் அதையே படித்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் தவறாகப் படித்தாலும் பந்து எதிரணியிடம் போய்விடும். கறுப்பின ரிசீவரான ஜெர்ரி ரைஸ் 22,895 யார்டுகளைக் கடந்தது வெறும் வேகத்தால் அன்று; அவரைவிட வேகமானோர் அவர் காலத்திலேயே பலர் இருந்தார்கள். அவர் பாதை மாற்றிய துல்லியத்தை 'இயற்கைக் கொடை' என்று வர்ணிப்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்தச் சந்தேகம் பேச்சோடு நின்றிருந்தால்கூடப் பொறுக்கலாம். தலையில் பட்ட அடிகளால் நினைவாற்றல் குன்றிய முன்னாள் வீரர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில், கறுப்பினத்தவரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று கொண்டு சோதனை மதிப்பெண்களைத் திருத்தும் முறை கையாளப்பட்டது. அதனால் ஒரே பாதிப்புள்ள இருவரில் வெள்ளையருக்குப் பணம் கிடைக்க, கறுப்பினத்தவர் தகுதியற்றவராக ஒதுக்கப்படலாம். 2020இல் இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்த பிறகே அதைக் கைவிட லீக் 2021இல் இணங்கியது. அதன் பிறகுதான் அந்தப் பழைய வீரர்களின் சோதனைத் தாள்களை, நிறத்தைக் கணக்கில் கொள்ளாமல் மறுபடி திருத்த வழி பிறந்தது.