கயோட்டிக்குப் பந்தி வைக்கிறது நாமதான்

கயோட்டின்னா ஓநாய்க்குச் சொந்தக்கார காட்டு விலங்கு. தெற்கு கலிஃபோர்னியாவுல ஒரு சின்ன நாய் காணாமப் போனா போதும், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுல அதே கூச்சல்: "அந்தக் கயோட்டியைப் பிடிச்சுக் கொண்டுபோய் மலையில விடச் சொல்லுங்க!" யாரைச் சொல்றது? இந்த மாநில விதிப்படி பொறியில மாட்டினதை அங்கேயே விடணும், இல்லேன்னா கொல்லணும். அனுமதி இல்லாம வேற இடத்துல கொண்டுபோய் விடுறது சட்டவிரோதம். எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வாரம் புதுசா ஒருத்தர் இதையே கேட்டுட்டு வந்து நிப்பார்.

"அப்போ கொன்னுடுங்க"ம்பார் இன்னொருத்தர். ஒரு ஜோடி ஆண்ட இடம் காலியானா, இடம் தேடி அலையிற இளசுங்க வந்து உட்காரும். போட்டி குறைஞ்சு இரை மிஞ்சினா அடுத்த ஈத்துல குட்டிங்க அதிகமாப் பிழைக்கும். அமெரிக்காக்காரன் நூறு வருஷத்துக்கு மேல சுட்டும் பார்த்துட்டான், விஷம் வெச்சும் பார்த்துட்டான். இன்னைக்கு ஹவாய் தவிர எல்லா மாநிலத்துலயும் கயோட்டி இருக்கு.

அது தெருவுக்கு வர்றது சாப்பாட்டுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்பகுதியில தேசியப் பூங்கா சேவை கயோட்டி எச்சத்தைச் சேகரிச்சுப் பிரிச்சுப் பார்த்தப்போ, சுமார் 20 சதவீத எச்சத்துல பூனை இருந்துச்சு. சிகாகோ பக்கத்து ஆய்வுல அது 2 சதவீதம்கூட இல்லை. தெருப்பூனைக்குன்னு ராத்திரி பூரா தட்டுல உலர் தீனி கொட்டி வைக்கிற புண்ணியவான்களே, தீனியும் கயோட்டிக்குத்தான், அதைத் தின்ன வர்ற பூனையும் கயோட்டிக்குத்தான். வைச்சே ஆகணும்னா பகல்ல வைங்க, அரை மணி நேரத்துல தட்டை எடுத்துடுங்க. மரத்தடியில அழுகுற அத்தியும் அவகாடோவும் அதுக்குப் பழக்கடை. பறவைத் தீனி சிந்தினா எலி வரும், எலி பின்னாடியே இதுவும் வரும். குப்பைத் தொட்டியை முந்தின ராத்திரியே தெருவுல தள்ளாம, வண்டி வர்ற காலையில தள்ளினா என்ன குறைஞ்சு போகுது?

"எங்க வீட்டுல சுவர் இருக்கே"ங்கிற ஜம்பம் வேற. 5 அடி சுவர் கயோட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. 6 அடியையும் ஏறும்: பாய்ஞ்சு முன்னங்காலை உச்சியில போட்டு, பின்னங்காலால உந்தி உள்ளே குதிச்சுடும். அந்தப் பிடியைக் கெடுக்கத்தான் உச்சியில சுழலுற உருளைக் குழாய். கால் வெச்சதும் உருளும், பிடிமானம் கிடைக்காம வெளியிலேயே விழும். ஆனா நம்மாளு செலவு மிச்சம்னு பின்பக்கச் சுவருக்கு மட்டும் போட்டுட்டு, பக்கவாட்டு கேட்டை விட்டுடுவார். சுவரை ஒட்டி குப்பைத் தொட்டியும் ஏசி யூனிட்டும் படிக்கட்டாட்டம் நிக்கும். சுத்திப் போடலைன்னா போட்டதே தண்டம். கீழே தோண்டாம இருக்க, கம்பி வலையை L வடிவத்துல வெளிப்பக்கமா மடிச்சு 12 முதல் 18 அங்குலம் மண்ணுக்குள்ள புதைக்கணும். நாய் போய்வர்ற சின்னக் கதவை இருட்டறதுக்குள்ள பூட்டுங்க. பெரிய கயோட்டி 15 கிலோ வரைக்கும் வரும். 5 கிலோ சிவாவா நாயைக் கவ்விட்டுச் சுவர் தாண்டிப் போக அதுக்கு நிமிஷம்கூட ஆகாது.

இந்த ரிட்ராக்டபிள் லீஷை, அதான் நாய் இழுக்க இழுக்க நீளுற கயிறை, கண்டுபிடிச்சவனை என்ன சொல்றது! நாய் 16 அடி தள்ளிப் புதருக்குள்ள மோந்துட்டிருக்கும், கைப்பிடிக்காரர் போன்ல இருப்பார். 6 அடி சாதாரண லீஷ் போதும். கயோட்டி தெரிஞ்சதும் குட்டி நாயைத் தூக்கிடலாம். முதுகைக் காட்டி ஓடாதீங்க, ஓடுறதைத் துரத்துறது அதோட சுபாவம். நிமிர்ந்து நின்னு, கையை வீசி, கத்துங்க. காலி டின்னுக்குள்ள சில்லறை போட்டு ஆட்டுங்க. ரெண்டடி பின்வாங்கி நின்னு பார்த்தா நிறுத்தாதீங்க, கண்ணுக்கு மறையிற வரைக்கும் விரட்டணும். பாதியில விட்டா, இவங்க வெறும் சத்தம்தான்னு அதுக்குப் பழகிடும். வீடியோ எடுத்துட்டு நிக்கிறவங்க பழக்குறதும் அதைத்தான்.

ஏப்ரல், மே குட்டி போடுற காலம். அப்போ கோடை முடியிற வரைக்கும் பெரிய நாயைக்கூட எதிரியாப் பார்க்கும், பின்னாலயே வந்து எல்லை தாண்ட வைக்கும். குகை பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். அங்கே மட்டும் விரட்டாம, கண்ணை எடுக்காம மெதுவா விலகி, சில மாசம் வேற பாதையில நடங்க.

நாய் கடிபட்டாலும் இதே மெத்தனம்தான். வெளியில ரெண்டு பல் ஓட்டைதானேன்னு மஞ்சள் தடவி வீட்டுல வைக்காதீங்க. அது கவ்வி உதறும். மேல்தோல் முழுசாத் தெரியும், உள்ளே தோலுக்கும் தசைக்கும் நடுவுல கிழிஞ்சிருக்கும், விலா எலும்பு உடைஞ்சிருக்கலாம். அன்னைக்கே டாக்டர் முடியை மழிச்சுப் பார்க்கணும். ரேபிஸ் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் உடனே பூஸ்டர் போடுவாங்க. ஒருதடவைகூடப் போடாத நாயா இருந்தா, மாசக்கணக்குல தனியா அடைச்சு வைக்கச் சொல்லுவாங்க. ஊசி போட்ட சான்றிதழ் எந்த டிராயர்ல கிடக்குன்னு இன்னைக்கே தேடி எடுத்து வைங்க.