ஞாயிறு இரவில் ஒட்டப்படும் டூட்டி சார்ட்

ஹோட்டல் பணியாளர்களுக்கு வேலையில் ஈடுபாடு இல்லை என்று யாராவது சொல்லும்போதெல்லாம், நான் ஒன்பது ஆண்டுகள் கேப்டனாக, அதாவது பரிமாறுபவர்களின் மேற்பார்வையாளராக இருந்த மதுரை ஹோட்டல் ஒன்றின் டூட்டி சார்ட்தான் நினைவுக்கு வருகிறது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல்தான் அதை ஒட்டுவார்கள். மறுநாள் காலை ஷிஃப்டா, பிரேக் ஷிஃப்டா, யாருக்கு எந்த நாள் வீக் ஆஃப் என்பதெல்லாம் அதுவரை யாருக்கும் தெரியாது.

பிரேக் ஷிஃப்ட் என்றால், காலை ஏழு மணிக்கு வந்து பதினொன்றரைக்கு விடுபட்டு, மறுபடியும் மாலை ஆறரைக்கு வந்து இரவு பதினொரு மணி வரை நிற்பது. கணக்குக்கு ஒன்பது மணி நேரம்தான். ஆனால் முழு நாளும் அதிலேயே போய்விடும். திருமங்கலத்திலிருந்து வந்த ஸ்டூவர்ட் (பரிமாறுபவர்) ஒருவர், வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பஸ் காசு கட்டுப்படியாகாது என்று, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லாக்கர் அறைத் தரையில் பழைய மேசைவிரிப்பைப் போட்டுப் படுத்திருப்பார். மகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே அபூர்வம்.

அப்படிப்பட்டவரிடம்தான் மாலையில் முகம் மலர்ந்து பரிமாறச் சொல்கிறோம். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட், 1983இலேயே இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்துவிட்டார். சிரிப்பும் உழைப்புதான் என்றால், அதற்கும் ஓய்வு வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியபோது நான் மனமார மகிழ்ந்தேன். உட்கார இடம் கேட்பதைச் சோம்பலாகப் பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலிலும் வேரூன்றியிருக்கிறது.

மாதச் சிறந்த பணியாளர் படத்தைச் சுவரில் மாட்டுவதைவிட, டூட்டி சார்ட்டைப் பதினைந்து நாள் முன்னதாக ஒட்டுவது பெரிய காரியம் என்பது என் உறுதியான கருத்து. புதிதாக வந்த மேலாளர் ஒருவர் அப்படிச் செய்தார். தொலைவிலிருந்து வருபவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பிரேக் ஷிஃப்ட் போடவில்லை. சொல்லாமல் விடுப்பு எடுப்பது கண்கூடாகக் குறைந்தது. அந்த ஸ்டூவர்ட் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய்வந்து, மறுநாள் தானாகவே புதுப் பையன்கள் இருவருக்குத் தட்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்குள் அப்படியொரு ஆசிரியர் இருந்தது அன்றுவரை எனக்கே தெரியாது.

மேலாளர் மாற்றலாகிப் போனதும் சார்ட் மறுபடியும் ஞாயிறு இரவுக்கே போய்விட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஸ்டூவர்ட் அங்கிருந்தே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்.